உஷார்! 90 நாளில் மறைந்து ஒரு வருடத்தில் அழியும் உங்கள் சங்கப் பதிவுகள்

ஸ்லாக் என்ற குழு அரட்டைச் செயலியை இலவசமாகப் பாவிக்கும் சங்கத்தவர்களே, சிறு கம்பனிக்காரர்களே, மாணவர் குழுக்களே! இதை வாசித்து முடித்த கையோடு உங்கள் கணக்கைத் திறந்து, போன வருடம் தைப்பொங்கலுக்கு முதல் உங்களுக்குள் என்ன பேசினீர்கள் என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளும் கோப்புகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்தியவை ஒரு வருடம் வரை மறைத்து வைக்கப்படும். ஒரு வருடம் தாண்டியவை அழிக்கப்படும். 2024 ஓகஸ்ட் 26 முதல் இந்த அழிப்பு நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள் கழிந்தால், உங்கள் பதிவுகளிலும் ஒரு நாள் கழிந்துவிடும்.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு. மறைத்ததைக் காசு கட்டினால் மீண்டும் காட்டுவார்கள். அழித்ததை எவ்வளவு கட்டினாலும் திரும்பப் பெற முடியாது. பலர் இந்த வித்தியாசம் தெரியாமல், "எல்லாம் உள்ளுக்குள்தான் இருக்கும், தேவைப்படுகிற நேரம் ஒரு மாதக் காசைக் கட்டி எடுக்கலாம்" என்ற நம்பிக்கையில் இருக்கிறார்கள். 2022 இல் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்தது. இப்போது இல்லை.

இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பர் 1 வரைக்கும் ஸ்லாக்கின் இலவச எல்லை 10,000 செய்திகளும் 5 ஜிபி கோப்புகளும். அந்தத் திகதியிலிருந்து எண்ணிக்கையை விட்டுவிட்டு நாளைக் கணக்கில் எடுத்தார்கள். வாய் ஓயாமல் பேசும் பெரிய குழுவுக்கு 10,000 செய்தி சில கிழமைகளிலேயே தீர்ந்துவிடும் என்பதால், 90 நாள் அவர்களுக்கு ஆதாயமாகவே இருந்தது. அடிபட்டது மெதுவாகப் பேசுகிற சிறிய குழு. மாதம் 100 செய்தி பரிமாறுகிற ஒரு நிர்வாக சபைக்கு 10,000 என்பது எட்டு வருடத்துக்கும் மேலான பதிவு. அது ஒரே நாளில் மூன்று மாதமாகச் சுருங்கியது. வடக்கில் இயங்கும் அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. தொண்டர்கள் ஓய்வு நேரத்தில் நடத்துகிறவை, மாதம் ஒருமுறை கூடுகிறவை, ஒரு வேலையை இரண்டு மூன்று வருடம் இழுத்து முடிக்கிறவை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். தாய்ச் சங்கம் இங்கே. கிளைகள் ரொறன்ரோ, இலண்டன், சிட்னி என்று பரந்து கிடக்கின்றன. விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு மேல்மாடி கட்ட வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். விலைக்கோரல் வருகிறது. ஒப்பந்தகாரர் மூன்று பேரின் விலைகளைப் படமெடுத்து அனுப்புகிறார் செயலாளர். எந்தக் கிளை எவ்வளவு தருவது என்று பேசி முடிக்கிறார்கள். பணம் வந்த வங்கிச் சீட்டுகள், சீமெந்துக்குக் கொடுத்த பற்றுச்சீட்டுகள், அத்திவாரம் போட்ட படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. இவ்வளவும் நேர்மையாக, எல்லோர் கண்முன்னாலும் நடக்கின்றன. ஒன்றரை வருடம் கழித்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "குறைந்த விலை சொன்னவரை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருந்தது, ஆனால் அது எழுதப்பட்ட இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. செயலாளர் நேர்மையானவர் என்பதற்குச் சாட்சி சொல்ல அவருடைய வாய் மட்டும்தான் மிஞ்சும். நம்முடைய ஊரில் காசு விடயத்தில் ஒரு சந்தேகம் கிளம்பினால் அது எவ்வளவு தூரம் போகும், எத்தனை நல்ல மனிதர்களைப் பொதுவேலையிலிருந்தே விரட்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே சங்கத்தின் சூம் கூட்டத்தையும் பாருங்கள். வட அமெரிக்கக் கோடைகாலத்தில் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு மாலை 6.30 என்றால் ரொறன்ரோவில் காலை 9 மணி, இலண்டனில் பிற்பகல் 2 மணி, சிட்னியில் இரவு 11 மணி. இத்தனை பேரையும் ஒரு நேரத்தில் இருத்துவதே பெரும்பாடு. சுகம் விசாரித்து, சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, கணக்கறிக்கைக்கு வரும்போது இலவசக் கணக்கின் 40 நிமிடம் முடிந்து கூட்டம் அறுந்துவிடுகிறது. திரும்ப இணைகிறவர்கள் பாதிப் பேர். அந்தப் பாதிப் பேரோடு காசு முடிவு எடுக்கப்படுகிறது. 2022 ஜூலை 15 வரை இருவர் மட்டும் பேசும் சூம் அழைப்புக்கு இந்த எல்லை இருக்கவில்லை. அதன்பின் அதற்கும் 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். கொரோனாக் காலத்தில் தளர்த்தி வைத்திருந்த இந்த எல்லையை 2021 நடுப்பகுதியோடு மீண்டும் இறுக்கினார்கள்.

சூம் அறுவது எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். ஆபத்து அதில் குறைவு. தெரியாமல் நடக்கும் குறைப்புகள்தான் ஆபத்தானவை. அறிவித்தல் மின்னஞ்சல் ஒன்று வரும். அது கணக்கைத் திறந்தவருக்குத்தான் வரும். அவர் மூன்று வருடத்துக்கு முன் வெளிநாடு போன இளைஞராக இருப்பார். அந்த மின்னஞ்சல் விளம்பரங்களோடு கிடந்து வாசிக்கப்படாமலே போகும். 2023 ஏப்ரல் 12 இல் மைக்ரோசொப்ட் தனது பழைய இலவச ரீம்ஸை மூடியபோது, காசுக் கணக்குக்கு மாறாதவர்களின் உரையாடல்களும் கோப்புகளும் அத்தோடு போயின. வேலைகளைப் பலகையில் பட்டியலிடும் ட்ரெல்லோ 2024 மே 20 முதல் இலவச வேலைத்தளத்துக்குப் பத்துப் பேர்தான் என்றது. பதினோராவது ஆள் இருந்தால் பலகைகளைப் பார்க்கலாம், தொட முடியாது. பேஸ்புக்கின் அலுவலகச் செயலியான வேர்க்பிளேஸ் 2025 ஓகஸ்ட் 31 வரை வழமைபோல் இயங்கும், பிறகு 2026 மே வரை வாசிக்க மட்டும், அதன்பின் அழிப்பு என்று அறிவிக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு உதவவென்று மைக்ரோசொப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பத்து பிஸ்னஸ் பிரீமியம் அனுமதிகளும் 2025 ஜூலை முதல் புதுப்பிக்கும்போது நிறுத்தப்பட்டன. கீழ்ப்படியான பிஸ்னஸ் பேசிக் மட்டும் தொடர்கிறது.

இவை எதுவும் சட்டவிரோதம் அல்ல. நிறுவனங்கள் மீது கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. பிறத்தியார் காணியில் நாங்கள் கிணறு வெட்டியிருக்கிறோம். உரியவர் வேலி போடும் நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வழக்காட முடியாது.

இதைவிடப் பெரிய கண்ணி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் தருவதில் இருக்கிறது. அரட்டை, கோப்பு, கூட்டம், நாட்காட்டி, மின்னஞ்சல் எல்லாம் ஒரே கணக்கில் இருப்பது வசதிதான். ஆனால் எல்லையும் ஒன்றாகவே வந்து விழும். இலவசக் கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இடம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்குபோடுகின்றன. 2021 ஜூன் 1 வரை படங்கள் கணக்கில் சேராமல் இருந்தன, அது போயிற்று. அன்ட்ரொயிட் போனின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் பல வருடம் கணக்கில் சேராமல் இருந்தது. 2024 முதல் பாதிக்குள் அதையும் இதே 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். விளைவை யோசியுங்கள். செயலாளரின் போனில் சங்கக் குறூப்புக்கு வரும் கோயில் திருவிழா வீடியோக்கள் இரவில் காப்புப் பிரதியாக மேலே போகின்றன. இடம் நிரம்புகிறது. நிரம்பிய அன்றிலிருந்து அந்த முகவரிக்கு மின்னஞ்சலும் வராது. அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். நன்கொடையாளர் அனுப்பிய கடிதம், வங்கி அனுப்பிய அறிவித்தல், பிரதேச செயலகம் அனுப்பிய கூட்ட அழைப்பு எதுவும் சேராது. ஒரு திருவிழா வீடியோ ஒரு மானிய விண்ணப்பத்தைத் தடுத்து நிறுத்தும் நிலை இது. தனித்தனிக் கருவிகளாக இருந்திருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது ஓடியிருக்கும்.

சங்கத்தின் பெயரில் கணக்கு இல்லாமல் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு வருடம் பாவிக்காத தனிநபர் கூகுள் கணக்குகளை அழிக்கும் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணக்கு அழிந்தால் அவர் பெயரில் இருந்த கோப்புகளும் அழியும். நீங்கள் இருபது பேருக்குப் பகிர்ந்திருந்தாலும் அது அவருடைய கோப்புத்தான். எங்கள் ஊர்ச் சங்கங்களின் தூண்களாக இருந்த மூத்தவர்கள் பலர் வெளிநாடுகளில் காலமாகிவருகிறார்கள். அவர்களுடைய கடவுச்சொல் அவர்களோடு போகிறது. அடுத்த இரண்டு வருடத்தில் கணக்கும் போகும்.

காசு கட்டிவிட்டால் தப்பலாமே என்பவர்களுக்கு முதலில் ரூபாய்க் கணக்கைச் சொல்கிறேன். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. நாணயத்தை மிதக்கவிட்ட சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. ஸ்லாக்கின் ப்ரோ திட்டம் அதே வருடம் செப்டெம்பரில் ஆளுக்கு மாதம் 6.67 டொலரிலிருந்து 7.25 ஆனது, அதுவும் வருடக் காசை முன்கூட்டிக் கட்டினால். டொலரில் பார்த்தால் ஒரு டொலர்கூடக் கூடவில்லை. இருபது பேர் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மென்பொருள் கம்பனிக்கு அது மாதம் சுமார் 26,700 ரூபாயிலிருந்து 52,200 ரூபாய். இலவச எல்லையைக் குறைத்த அதே மாதத்தில், இந்த நாட்டு அமைப்புகளுக்குக் காசுத் திட்டம் இரட்டிப்பு விலையில் நின்றது. அந்த நாட்களில் வெளிநாட்டு நாணயத்தில் அட்டை செல்லுமா என்பதே கேள்வியாக இருந்தது. இப்போது ரூபாய் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழி விற்கும் சேவைகளுக்கும் 18 வீத வற் அறவிட 2025 இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நடைமுறைத் திகதி பின்போடப்பட்டாலும் அந்தச் சுமை எங்கள் தலையில்தான் இறங்கும்.

அடுத்தது, காசு கட்டியவர்களுக்கும் நடந்த கதை. அமெரிக்காவில் ஹக் கிளப் என்று பள்ளி மாணவர்களுக்கு நிரலாக்கம் பழக்கும் இலாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. 11 வருடமாக அவர்களுடைய வீடே ஸ்லாக்தான். வருடம் 5,000 டொலர் கட்டிவந்தார்கள். 2025 செப்டெம்பரில், ஒரு கிழமைக்குள் 50,000 டொலர், இனிமேல் வருடம் 200,000 டொலர், இல்லையென்றால் கணக்கு முடக்கம், பழைய செய்திகள் நீக்கம் என்று அறிவித்தல் வந்தது. அவர்கள் பகிரங்கமாக எழுதினார்கள், உலகம் முழுக்கப் பேசப்பட்டது, நிறுவனம் பின்வாங்கியது. அவர்களுக்குக் குரல் இருந்தது, ஆங்கில இணைய உலகம் முழுவதும் பின்னால் நின்றது. கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ உள்ள ஒரு மாணவர் கழகத்துக்கு அப்படி ஒரு அறிவித்தல் வந்தால் யார் பேசுவார்கள்?

வெளியே எடுத்துக்கொண்டு போகும் வழியும் ஒடுக்கப்படுகிறது, அதையும் கவனியுங்கள். ஸ்லாக் இலவசத் திட்டத்தில் எக்ஸ்போர்ட் எடுத்தால் பொதுச் சனல்களின் செய்திகள்தான் வரும். தனிச் சனல்களும் இருவருக்கிடையிலான செய்திகளும் வராது. கோப்புகளுக்குப் பதில் இணைப்புகள்தான் வரும். 2025 மே கடைசியில், ஸ்லாக்கின் சந்தையில் அனுமதி பெறாமல் விற்கப்படும் வெளிச் செயலிகள் பழைய செய்திகளை வாசிக்கும் வேகத்தை நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு 15 செய்தி என்று மட்டுப்படுத்தினார்கள். வட்ஸ்அப்பில் ஒரு குறூப்பை எக்ஸ்போர்ட் செய்தால் படங்களோடு கடைசி 10,000 செய்தி, படமில்லாமல் 40,000. குறூப்பில் யாராவது மேம்பட்ட அந்தரங்கப் பாதுகாப்பைப் போட்டுவிட்டால் எக்ஸ்போர்ட்டே முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்கள் தங்கள் ரீம்ஸ் செய்திகளை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக மைக்ரோசொப்ட் வழிவிட வேண்டும் என்பது 2025 செப்டெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு வாங்கிய உறுதிமொழிகளில் ஒன்று. ஸ்லாக் 2020 இல் போட்ட முறைப்பாடு அதற்குத் தொடக்கம். எங்களுக்காக அப்படிப் பேரம் பேச எவரும் இல்லை.

அரச கந்தோர்களில் இருப்பவர்களும், வெளிநாட்டு நிதியில் பொதுச்சேவை செய்யும் தொண்டு நிறுவனத்தவர்களும் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7 ஆவது பிரிவின்படி, சட்டம் வந்தபின் உருவான பதிவுகளைப் பொது அதிகாரசபைகள் 12 வருடம் பேண வேண்டும். பல்கலைக்கழகங்கள், உள்ளூராட்சி சபைகள், மாகாணத் திணைக்களங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச நிறுவனத்தாலோ பெருமளவு நிதி பெற்றுப் பொதுச்சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும் அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை அடக்கம். 12 வருடம் வைத்திருக்க வேண்டிய தீர்மானத்தை 90 நாள் ஆயுள் உள்ள இடத்தில் எழுதுகிறீர்கள். ஒரு வீட்டுத்திட்டப் பயனாளியின் பெயர் ஏன் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவரே கேட்டு விண்ணப்பித்தால், "செயலி அழித்துவிட்டது" என்பது பதிலாகுமா? காசு கட்டிய ரீம்ஸிலும் கூட்ட ஒளிப்பதிவு, எவரும் அமைப்பை மாற்றாவிட்டால், 120 நாளில் காலாவதியாகும். உங்கள் கந்தோரில் அந்த அமைப்பை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா?

சொந்தச் சேவையகம் வைத்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எங்கள் நாட்டிலேயே அதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் கடைசியில் லங்கா அரச மேகக் கணிமை மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் இல்லாமல் போயின. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருளை மேம்படுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தக் காலத்து அஞ்சல்களுக்கு, வெளியே எடுத்து வைத்த பிரதி இல்லை. அந்த முகவரிகளின் மூன்று மாதத்துக்கும் மேலான அரச கடிதப் போக்குவரத்து போயிற்று. சேவையகம் யாருடையது என்பதைவிட, பிரதி வெளியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் சேர்ந்து நின்றால் எல்லையைத் தாண்டலாம் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2020 இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் என்ற இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகச் சூம் வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதற்கான டேட்டாவுக்குக் காசு எடுக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து போனில் விரிவுரை கேட்டது அப்படித்தான். தனித்தனி விரிவுரையாளர் தனித்தனி இலவசக் கணக்கில் 40 நிமிடம் 40 நிமிடமாக நடத்தியிருந்தால் அந்த ஆண்டே வீணாகியிருக்கும். யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகள் பத்து வருடத்துக்கு மேலாக இங்கே பிள்ளைகளைத் தொழில்நுட்பத்துக்குள் இழுத்து வந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் கணினி, பொறியியல் துறைகளிலிருந்து வருடா வருடம் ஆட்கள் வெளிவருகிறார்கள். கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், அரட்டைக்குச் சுலிப் போன்ற திறந்த மூல மென்பொருளை ஒரு பொதுச் சேவையகத்தில் நிறுவி, வடக்கில் உள்ள சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பகிர்ந்து கொடுக்க இவர்களால் முடியும், முடிய வேண்டும். திறந்த மூலத்திலும் எல்லைகள் வரத்தான் செய்கின்றன. சுலிப்பைச் சொந்தமாக நடத்தினாலும் போனுக்கு அறிவித்தல் வரும் வசதி இலவசமாகப் பத்துப் பேர் வரைக்கும்தான், சமூக அமைப்புகள் கேட்டு விலக்குப் பெற வேண்டும். காணொளிக் கூட்டத்துக்கான ஜிட்சியின் பொதுத் தளத்தில் கூட்டம் தொடங்க 2023 ஓகஸ்ட் முதல் கணக்கு வேண்டும். ஆனால் தரவு உங்கள் கையில் இருக்கும், வெளியேற எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஒன்றே போதும்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது பெரிய தொழில்நுட்பம் அல்ல. காசு முடிவு எதுவும் அரட்டையில் முடியக்கூடாது. பேசுவது அங்கே இருக்கட்டும், முடிவை அன்றைக்கே கூட்ட அறிக்கையாக எழுதித் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட வேண்டும். அறிக்கைக் கொப்பி பழைய முறை என்று கைவிட்டவர்கள் உடனே திரும்ப வாங்குங்கள், அதற்குப் பதிலாக ஒன்றும் இன்னும் வரவில்லை. சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல் திறந்து, இங்கே ஒருவரும் வெளிநாட்டில் ஒருவருமாக இரண்டு அட்மின் வையுங்கள். பதவி மாறும் நாளில் வங்கிக் கையொப்பத்தை மாற்றுவதுபோல் கடவுச்சொல்லையும் மாற்றி ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்லாக்கிலிருந்தும் வட்ஸ்அப்பிலிருந்தும் எக்ஸ்போர்ட் எடுத்து, கூகுளின் டேக்அவுட் வழியாக டிரைவையும் இறக்கி, கணினியோடு எப்போதும் செருகியிராத ஒரு ஹாட் டிஸ்கில் போட்டுப் பூட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் 90 நாள் எல்லையில் ஒரு நாள் பிசகினாலும் ஓட்டை விழும், ஆகவே மாதம் ஒருமுறைதான். எடுத்த பிரதி திறக்கிறதா என்று வேறு ஒரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, எடுக்காத பிரதிக்குச் சமம்.

இதைச் செய்ய ஒரு இளம் உறுப்பினருக்கு ஒரு மாலை போதும். ஊரில் கணினி தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை, கேட்கிற ஆள்தான் குறைவு. பிள்ளைகளே, யாரும் கேட்கும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போய், கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடைசியாகப் பிரதி எப்போது எடுத்தீர்கள் என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.

நிர்வாக சபையினரே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் "சங்கப் பதிவுகளின் பிரதி" என்று ஒரு விடயத்தை இன்றைக்கே சேருங்கள். ஆனால் முதல் எக்ஸ்போர்ட்டை அந்தக் கூட்டம் வரை பின்போடாமல் இன்றிரவே எடுத்துவிடுங்கள்.